முருங்கை விதையும் ஐரிஸ் போட்டியும்

ஐரிஸ் (IRIS) என்பது பள்ளி மாணவர்களின் அறிவியல் ஆய்வுகளுக்கான தேசியக் கண்காட்சி. அதில் தேர்வாகும் மாணவர்கள்தான் அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் (ISEF) என்ற சர்வதேச அறிவியல் போட்டிக்கு இந்திய அணியாகப் போகிறார்கள். ஆகவே ஐசெஃப் விதிகளை முதல் நாளே படித்துவிடுங்கள். தனியாகச் செய்யலாம், குழு என்றால் 3 பேருக்கு மேல் கூடாது. தொடர்ந்து 12 மாதங்களுக்குள் செய்த வேலைதான் கணக்கு.

தலைப்புக்கு நம் ஊரில் அடிக்கடி கண்ணில் படுவதையே எடுத்துக்கொள்வோம்: முருங்கை விதையால் கலங்கல் நீரைத் தெளிய வைப்பது. இது ஊரறிந்த சங்கதி. "தெளியுமா?" என்று கேட்டுப் போனால், "இதில் புதுசா என்ன?" என்று நடுவர் திருப்பிக் கேட்பார். "ஓராண்டு பழைய விதை புது விதை அளவுக்கு வேலை செய்யுமா?" என்று குறுக்குங்கள். அளந்து பதில் சொல்லலாம்.

தோல் உரித்த வெள்ளைப் பருப்பைப் பொடித்துச் சலித்து, 1 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் துணியில் வடிகட்டுங்கள். இதில் 5 மி.லி. எடுத்தால் 50 மி.கி. விதைக்குச் சமம். அன்றன்றைக்குத் தயாரித்தே பயன்படுத்துங்கள். வைத்திருந்தால் வீரியம் குறையும், அப்புறம் விதை பழசா கரைசல் பழசா என்றே தெரியாது.

ஒரே களிமண் நீரை 1 லிட்டர் வீதம் 6 ஜாடிகளில் ஊற்றி 0, 25, 50, 100, 150, 200 மி.கி. விதைக்குச் சமமான அளவுகளில் கரைசலைச் சேருங்கள். 1 நிமிடம் வேகமாகவும் 15 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, 30 நிமிடம் அசையாமல் விடுங்கள். ஒவ்வோர் அளவையும் குறைந்தது 3 முறை செய்தால், ஒரு விதை வகைக்கே 18 ஜாடிகள் ஆகும். ஆறு ஜாடிகளின் கலங்கலையும் ஒருவரே அளப்பதென்றால் கடைசி ஜாடிக்குப் படிய கூடுதல் நேரம் கிடைத்துவிடும். ஆகவே ஜாடிகளை இடைவெளி விட்டுத் தொடங்குங்கள், வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மாதிரியை மேற்பரப்புக்கு 3 செ.மீ. கீழே பிப்பெட்டால் எடுங்கள். அடியில் கை வைத்தால் வண்டல் கிளம்பிவிடும்.

விதை சேர்க்காத ஜாடியும் அரை மணியில் ஓரளவு தெளியும். அதைவிட எவ்வளவு கூடுதலாகத் தெளிந்தது என்பதே விதையின் கணக்கு. இதை விட்டுவிட்டால் புராஜெக்ட்டே இல்லை.

அளவு மிகுந்த ஜாடியில் நீர் மறுபடி கலங்கலாகத் தெரிந்தால் 'தப்பான அளவீடு' என்று அடித்துவிடாதீர்கள். களிமண் துகள்களுக்கு எதிர்மின்னூட்டம், விதைப் புரதத்துக்கு நேர்மின்னூட்டம். அளவோடு சேர்ந்தால் ஒட்டிக்கொண்டு படியும். மிஞ்சினால் துகள்களே நேர்மின்னூட்டம் ஏறி ஒன்றையொன்று விலக்கும். வரைபடத்திலேயே சுவையான புள்ளி அதுதான். கூடவே, குடிநீருக்கான இந்தியத் தரத்தில் (ஐஎஸ் 10500) கலங்கல் 1 என்டியு (NTU, கலங்கலை அளக்கும் அலகு) வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 5 வரை விடலாம். உங்கள் நீர் எதில் நின்றது என்று சொல்லுங்கள்.

"கிருமியும் போகுமா பார்ப்போமே" என்ற ஆசைதான் பலரைக் கவிழ்க்கும். கிருமி வளர்ப்பதை வீட்டில் செய்யவே கூடாது. மாதிரியை உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் ஆய்வு தொடங்குமுன்பே அனுமதி வாங்கிய பிறகு. அனுமதிப் படிவத்தின் தேதி சோதனைத் தேதிக்குப் பிந்தியிருந்தால் எவ்வளவு நல்ல முடிவும் செல்லாது. மனிதர்களிடம் கருத்துக் கேட்பதாக இருந்தாலும் முன் அனுமதி வேண்டும்.

லாக் புக், அதாவது சோதனையை அன்றன்றைக்குக் குறித்து வைக்கும் நோட்டு, கட்டுப் போட்டதாக இருக்கட்டும். பேனாவால் தேதி போட்டு எழுதுங்கள்; தப்பை ஒரே கோட்டால் அடியுங்கள். அழகாகத் திருப்பி எழுதிய நோட்டைப் பார்த்தாலே நடுவருக்குச் சந்தேகம் வரும்.

ஐசெஃப் நடுவர்கள் போடும் நூறு மதிப்பெண்ணில் ஆய்வுக் கேள்விக்கு 10, வடிவமைப்புக்கு 15, செயல்படுத்தியதற்கு 20, படைப்பாற்றலுக்கு 20, போஸ்டருக்கு 10, நேர்காணலுக்கு 25. போஸ்டரை மினுக்குவதில் ஒரு மாதத்தைக் கரைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதேயில்லை. மூவர் குழுவில் கணக்குப் போட்டவர் மட்டுமே பதில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். திட்டவிலக்கம் (அளவீடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) என்றால் என்னவென்று மூவரும் சொல்ல வேண்டும். ஆய்வுச் சுருக்கம் 250 வார்த்தைக்குள்.

போட்டியில் நிறுத்தும் காட்சிப் பலகை 122 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது. நன்றியுரை, பழைய பதக்கம் எதுவும் அதில் வேண்டாம். தெளிந்த நீர் ஒரு பாட்டில், கலங்கல் நீர் ஒரு பாட்டில் என்று மேசையில் வைக்கத் தோன்றும். தண்ணீர், மண், விதை மூன்றுக்குமே அங்கே இடமில்லை. ஆகவே ஜாடிகளைச் சோதனையன்றே வரிசையாக நிறுத்திப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் யாரென்று எழுதியிருக்க வேண்டும்.