கேட்பதும் ஒப்புக்கொடுப்பதும்

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடுகிறவர்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் கடினமானவை. அறுவடை முடிந்திருக்கும், அடுத்த ஆண்டின் மகசூல் கணுக்களில் சிறு மொட்டுகளாக உறங்கிக் கிடக்கும். நல்ல கோடை மழை ஒன்று பெய்தால், ஏறக்குறைய எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்து மணக்கும். ஆனால் பூ விரிந்த அன்றே மழை கொட்டிவிட்டால் மகரந்தச் சேர்க்கை கெட்டுவிடும். அதற்குப் பின் சில வாரங்களுக்குள் மற்றொரு மழை கிடைக்காவிட்டால் பிஞ்சு நிலைக்காது. நீர்வசதி உள்ள பெரிய எஸ்டேட்டுகள் தெளிப்பான் போட்டுச் சமாளிக்கின்றன. ஏற்காட்டைச் சுற்றியுள்ள எங்களைப் போன்ற சிறு தோட்டக்காரர்கள் மேகம் பார்த்து நிற்கிறோம்.

இந்த ஆண்டு அதே மாதங்களில்தான் அம்மாவுக்குச் சிகிச்சை தொடங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு சேலத்துக்கு இறங்குவதும், மாலையில் மலையேறுவதும் எங்கள் வாடிக்கையாயின. மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை அடுத்த ஸ்கேன் எடுத்த பிறகுதான் சொல்ல முடியும் என்று மருத்துவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காக நான் அவருக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன்.

சபையில் எங்களை விசாரித்தவர்கள் அன்பினால்தான் விசாரித்தார்கள். ஆனாலும் பலமுறை கேட்ட ஓர் அறிவுரை என்னை உறுத்தியது: "கர்த்தர் கையில் விட்டுவிட்டீர்கள் அல்லவா, இனி கலங்கக் கூடாது, கலங்கினால் விசுவாசம் குறைவு என்று அர்த்தம்." உபவாச ஜெபம், பொருத்தனை என்னும் நேர்ச்சை, புத்தாண்டு ஆராதனையில் கையில் எடுத்த, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எல்லாமே நல்லவை, அவற்றில் வளர்ந்தவள்தான் நானும். ஆயினும், இத்தனை நாள் உபவாசித்தால் இந்தப் பலன் வந்தே தீரும் என்று அவற்றைப் பிடித்துக்கொள்ளும்போது, நாம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெபத்தைக் கொண்டே தேவனை நம் விருப்பத்துக்கு வளைக்கப் பார்க்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முடிவைத் தேவன் கையில் ஒப்புக்கொடுப்பதற்கு, சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனேயைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. "என் பிதாவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று இயேசு முதலில் கேட்டார். வியாகுலப்பட்டு, முகங்குப்புற விழுந்து கேட்டார். சீஷர்கள் தம்மோடு விழித்திருக்க வேண்டும் என்றும் விரும்பினார். "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற வார்த்தை அந்த விண்ணப்பத்தை அழித்துவிட்டு வரவில்லை. அதோடு சேர்ந்தே, அதே மூச்சில் வந்தது. அவர் அப்படி ஒரே முறை ஜெபித்துவிட்டு எழுந்து போய்விடவும் இல்லை. மூன்று முறை ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். தேவகுமாரனே திரும்பத் திரும்ப ஒப்புக்கொடுக்க வேண்டியிருந்தது என்றால், நேற்றிரவு கர்த்தரிடம் ஒப்படைத்த பயம் இன்று காலை மறுபடியும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பதைக் கண்டு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

"நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று, பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தில் வரும் வசனத்தையும் இந்த நாட்களில் வேறு வெளிச்சத்தில் வாசிக்கிறேன். அதை எழுதியபோது அப்போஸ்தலன் பவுல் காவலில் கட்டப்பட்டவராக இருந்தார். தமக்குக் கிடைக்கப்போவது விடுதலையா மரணமா என்ற தீர்ப்பு அவருக்கே தெரியாது. அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தம் காரியம் எப்படி முடியும் என்று தெரிந்தவுடன் தம் உடன் ஊழியனான தீமோத்தேயுவை அவர்களிடம் அனுப்பலாம் என்றிருப்பதாகச் சொல்கிறார். முடிவு தெரியாத மனிதர், தெரியாது என்பதை மறைக்காமல், அதற்குள்ளேயே திட்டமும் போடுகிறார். கவலைப்படாதிருங்கள் என்று அவர் சொல்லும்போது நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

ஒப்புக்கொடுத்தவர் வேலையையும் விட்டுவிடுவதில்லை. மாற்கு சுவிசேஷம் நான்காம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில், விதைத்தவன் இரவில் தூங்கி, பகலில் விழிக்கிறான். "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்கிறது. விதைத்தது அவன்தான், முளைக்க வைத்தது அவனல்ல. அப்பா இந்த ஆண்டும் கவாத்து செய்தார், சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்து நிழலைச் சரிசெய்தார், தண்டுத் துளைப்பான் பூச்சி விழுந்த செடிகளைப் பிடுங்கி எரித்தார். அம்மா ஒரு வேளை மாத்திரையும் தவறவிடவில்லை. எங்கள் பங்கு இவ்வளவு என்று தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது, ஏனென்றால் அதுவரை அம்மாவின் ஒவ்வொரு இருமலுக்கும் நானே பொறுப்பு என்பதுபோல உறக்கமின்றிக் கிடந்தேன்.

ஒரு மாலை அம்மா வேதத்தில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்ற பகுதி. வாசித்து முடித்ததும், "நம்ம காப்பியையும் அதுல சேர்த்துக்க கண்ணு, என்னையும் சேர்த்துக்க" என்றார். என்னால் உடனே 'ஆமென்' சொல்ல முடியவில்லை. அம்மா வற்புறுத்தவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே ஜெபித்தார், மழையையும் தம் சுகத்தையும் வெளிப்படையாகக் கேட்டார்.

எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் பெரும்பாலும் முடிந்துபோன காரியங்களே பேசப்படுகின்றன: சுகம் கிடைத்தது, வேலை கிடைத்தது, வழக்கு ஜெயித்தது. அவற்றுக்காக நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருக்கிற ஒரு பெண், இன்னும் எதுவும் தெரியாது, பயமாக இருக்கிறது, கர்த்தர் என்னோடு இருக்கிறார் என்று எழுந்து நின்று சொன்னால், அதையும் முழுமையான சாட்சியாகச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆயர் அனுமதித்தால் அப்படிச் சொல்லப்போகிறேன்.