காலை 8, பிற்பகல் 3: நெஞ்சுக் குளிசையின் நேரக்கணக்கு

வெள்ளவத்தையில் ரயில் பாதைப் பக்கமிருந்து காலி வீதிக்கு வேகமாக நடந்தாலே நெஞ்சை அமுக்கியது. ஈசிஜி, ட்ரெட்மில் எல்லாம் முடிந்து அஞ்சைனா, அதாவது இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி என்றார்கள். மற்ற மருந்துகளோடு ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட் 20 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு. டொக்டர் காலை 8 மணி, பிற்பகல் 3 மணி என்றார், பார்மசி உறையிலோ காலை, இரவு என்று எழுதியிருந்தது. மனைவி உறையின் கட்சி. "இஞ்சரப்பா, இரவு முழுக்க மருந்தில்லாமல் கிடந்தால் என்ன ஆகும்?"

நியாயமான பயம்தான், கிளினிக்கில் கேட்டோம். இந்தக் குளிசை நைட்ரேட் வகை, அது இரத்தக்குழாயை விரிக்கும், ஆனால் இரவு பகலாக உடம்பில் இருந்தால் குழாய் அதற்குப் பழகி விரிவதை விட்டுவிடுமாம், அதனால் நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரமாவது அளவு நன்றாகக் குறைந்திருக்க வேண்டும், நடமாட்டமில்லாத இரவை அதற்கு ஒதுக்குகிறார்கள். நெஞ்சில் ஒட்டும் நைட்ரேட் பட்டியையும் இதற்காகவேதான் இரவில் கழற்றச் சொல்வது.

தொடக்கத்தில் தலையிடி என்றால் சாதாரணத் தலையிடி இல்லை, நெற்றிப்பொட்டு இரண்டும் துடிக்கும். பரசிற்றமோலோடு சமாளித்தேன். அது மெல்ல மெல்லக் குறைந்தது, நெஞ்சுக்கான பலன் குறையவில்லை. தலை பழக வேண்டும், இதயக்குழாய் பழகக் கூடாது: ஒரே குளிசையிடம் இரண்டையும் எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசைதான், ஆனாலும் அந்த நேர இடைவெளியால் நடக்கிறது.

இதே குடும்பத்து நைட்ரோகிளிசரினை வில்லியம் மரல் என்ற டொக்டர் 1879இல் அஞ்சைனாவுக்குப் பயன்படுத்தி எழுதினார். டைனமைற் தொழிற்சாலைகளில் அதே பொருளோடு வேலை செய்தவர்களுக்குத் திங்கட்கிழமை தலையிடி வந்து, வாரம் போகப் போக மறைந்து, சனி ஞாயிறு விட்டதும் திங்களன்று மறுபடி வரும். சிலர் பழக்கம் விட்டுப்போகாமலிருக்க விடுமுறையிலும் தொப்பிப் பட்டியில் கொஞ்சம் பூசிக்கொண்டு திரிந்தார்களாம்!

அவர்களில் சிலருக்கு வேலையில்லாத நாளில் நெஞ்சுவலி வந்து உயிரே போயிருக்கிறது. விரிந்தே பழகிய குழாய், மருந்து திடீரென்று நின்றதும் இறுகியதுதான் காரணம் என்கிறார்கள். ஆகவே இடைவெளி நல்லது என்று இதை வாசித்துவிட்டு நீங்களாகக் குளிசையை நாட்கணக்கில் நிறுத்தவேண்டாம். இரவில் நெஞ்சு நொந்தால், நாக்கின்கீழ் வைக்கும் ஜீரிஎன் (அதே நைட்ரோகிளிசரின்) குளிசையைப் பாவிக்கலாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது தலையணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அடிக்கடி அப்படி நொந்தால் நேரத்தை மாற்றுவது டொக்டரின் வேலை.