கழன்று வந்த போஸ்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ரூட் கெனால் செய்த பல்லில், மேலே கட்டுவதைத் தாங்க வேருக்குள் ஒட்டி வைத்த ஃபைபர் போஸ்ட் என்ற இழைக் குச்சி கழன்றுவிட்டால், பல் டாக்டரான எனக்குப் போன் வரும். கல்லூரி முடித்துச் சின்ன ஊர்களில் பல் கிளினிக் போட்டிருக்கும் தம்பி தங்கைகள்தான். போஸ்ட்டை ஒட்டுகிற பசையைப் பற்றி எல்லாருக்கும் ஒரே கேள்வி: "அக்கா, எந்த சிமெண்ட் நல்லது?" கம்பெனிப் பிரதிநிதி வந்து புது சிரிஞ்சைக் காட்டுவார், இவர்களும் பழையதைத் தூர வைத்துவிட்டுப் புதியதை வாங்குவார்கள். நான் பதிலுக்குக் கேட்பது, கழன்று வந்த போஸ்ட் கையில் இருக்கிறதா என்று. பாதிப் பேர் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். எரிச்சலாக வரும். எங்கே ஒட்டாமல் போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த மாத ஆரம்பத்தில் ஒரு அண்ணாச்சி வந்தார். கோவில்பட்டியில் மளிகைக் கடை. மேல்வரிசை முன்பல்லின் கேப், அதற்குள் இருந்த கோர் (கேப்பைத் தாங்கக் கட்டிய அடிக்கட்டை), அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குச்சி எல்லாம் ஒரே துண்டாக, கடைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில். "வலியே இல்ல டாக்டரம்மா. கடலைமிட்டாயக் கடிச்சேன், அதோட வந்திருச்சு. இதையே திருப்பி ஒட்டிருங்க." வேலை நடந்தது வேறு ஊரில். எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

குச்சியை லூப் என்ற பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை சிமெண்ட் முழுசாக ஒட்டியிருந்தது. ஆக, போஸ்ட்டுக்கும் சிமெண்ட்டுக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த சிமெண்ட்டின் வெளிப்பக்கத்தில், கீழ்ப் பாதியில், இளஞ்சிவப்பாக மெழுகு மாதிரி ஒரு பூச்சு. கட்டா பெர்ச்சா. ரூட் கெனாலில் வேர்க்குழியை அடைக்கிற ரப்பர்க் குச்சியின் மிச்சம். பல்லுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் குழியின் சுவரிலும் அதே நிறம் திட்டுத் திட்டாக. போஸ்ட்டுக்கு இடம் எடுத்தவர் நடுவில் மட்டும் துளைத்துவிட்டுச் சுவரைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார். புழுதிச் சுவரில் சுண்ணாம்பு அடித்த கதை. உலகத்திலேயே விலை அதிகமான சிமெண்ட்டைப் போட்டிருந்தாலும் அது கழன்றுதான் இருக்கும்.

வேர்க்குழி ஒட்டு வேலைக்கு ஏற்ற இடமே இல்லை. குழி ஆழமானது, இருட்டு, ஈரம் போகாது. ரெசின் சிமெண்ட், அதாவது பிளாஸ்டிக் போல இறுகும் பசை, இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். சாதாரண ஃபில்லிங்கில் சுருங்குவதற்கு ஒரு திறந்த பக்கம் இருக்கிறது. ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள விகிதம் அங்கே 1 முதல் 5 வரைதான். போஸ்ட் வைக்கும் குழியில் அதே விகிதம் 200-ஐத் தாண்டும். சுருங்குகிற ரெசின் ஏதாவது ஒரு சுவரைப் பிய்த்துக்கொண்டுதான் வர வேண்டும். சிமெண்ட்டை இறுக்குகிற லைட் க்யூர் வெளிச்சமோ அடிவரை போகாது.

இது போதாதென்று நாமே கொண்டுபோய் வைக்கிற வம்புகள் வேறு. கிருமியைக் கொல்லக் கழுவுகிற ஹைப்போ, சுவரில் ஆக்சிஜனை விட்டுவிட்டுப் போகும். அது ரெசின் இறுகுவதைக் கெடுக்கும். யூஜினால், அதாவது கிராம்பு எண்ணெயின் சத்து, கலந்த சீலர் (கட்டா பெர்ச்சாவைச் சுவரோடு ஒட்டவைக்கும் பசை), அதுவும் அதே வேலையைச் செய்யும். அதனால் போஸ்ட் வைக்கப்போகிற பல்லில் ரெசின் சீலர்தான் என்று ரூட் கெனால் அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறேன்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எச்சிலைத் தடுக்கும் ரப்பர் விரிப்பு, அதான் ரப்பர் டேம், இல்லாமல் ஆரம்பிக்காதே. அடியில் 4, 5 மில்லிமீட்டர் கட்டா பெர்ச்சாவைத் தொடாதே, அதுதான் வேர் நுனியின் மூடி. இடம் எடுத்ததும் எக்ஸ்ரே எடு, சுவரோரம் மிச்சம் தெரிந்தால் திரும்பப் போ. சுவரில் படிந்த துகள் படலத்தைக் கரைக்க 17 சதவீத ஈடிடிஏ கரைசல், கடைசிக் கழுவல் வெறும் தண்ணீர் அல்லது சலைன், ஹைப்போ கிடையாது. காற்றடித்துக் காய்ந்துவிட்டது என்று நம்பாதே, காற்று அடிவரை போகாது. ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சியான பேப்பர் பாயிண்ட் நனையாமல் வெளியே வருகிறவரை மாற்றி மாற்றி விடு. போஸ்ட்டை உள்ளே விட்டு அளவு பார்த்திருந்தால் அழுக்குப் பட்டிருக்கும், ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடு. சிமெண்ட் டியூயல் க்யூராக இருக்கட்டும், வெளிச்சத்திலும் இறுகும், தானாகவும் இறுகும். சிரிஞ்சின் மெல்லிய நீள முனையை அடிவரை இறக்கி, முனை சிமெண்ட்டுக்குள்ளேயே இருக்கும்படி மெதுவாக மேலே ஏற்று, இல்லாவிட்டால் காற்றுக்குமிழி மாட்டும்.

சிமெண்ட் எது என்ற கேள்வியைவிட, வாங்கிய சிமெண்ட்டை எப்படிப் போடச் சொல்லியிருக்கிறான் என்று படிப்பது முக்கியம். தானே ஒட்டிக்கொள்ளும் செல்ஃப் அதெசிவ் சிமெண்ட்டுக்கு டென்டினில் (பல்லின் உள் அடுக்கு) தனியாக ஆசிட் எட்சிங், அதாவது அமிலம் தடவுவது, தேவையில்லை. "ரெண்டும் போட்டா இன்னும் பலம்தானே அக்கா" என்று எட்ச் செய்தால் ஒட்டு குறையத்தான் செய்யும். அமிலத்தன்மை அதிகமுள்ள ஒரே பாட்டில் பாண்டிங் திரவத்தை, தானாக இறுகும் சிமெண்ட்டுக்கு அடியில் போட்டாலும் வம்பு. அந்த அமிலம் சிமெண்ட்டில் இறுகுதலைத் தொடங்கிவைக்கும் அமீனை முடக்கிவிடும், இரண்டும் சேருகிற இடம் சரியாக இறுகாது. பெட்டிக்குள் இருக்கும் தாளை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

சரி, அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். போஸ்ட் கழன்று வந்தது ஒருவகையில் நல்ல செய்தி என்று சொன்னதும் முறைத்தார். முன்காலத்து வார்ப்புப் போஸ்ட் டென்டினைவிடப் பல மடங்கு விறைப்பான உலோகம். அது தோற்றால் பல நேரம் வேரே பிளந்துவிடும், பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது. 1990-இல் பிரான்சில் துரே என்ற பல் மருத்துவரின் குழுவினர் கார்பன் ஃபைபர் போஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். கன்னங்கரேல் என்று இருக்கும், முன்பல்லில் மேலே கருமை தட்டும். பின்னால் கண்ணாடி, குவார்ட்ஸ் இழைகள் வந்தன. இவை டென்டினை ஒட்டியே வளைந்து கொடுப்பதால், தோற்றாலும் பெரும்பாலும் கழன்றுவிடும், வேர் பிழைக்கும்.

"அப்போ இன்னும் பெரிய கம்பியா வைங்க, பலமா இருக்கும்" என்றார். கம்பி பல்லுக்குப் பலம் தருவதில்லை அண்ணாச்சி, மேலே கட்டுகிற கோர் விழாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் என்றேன். பலம் ஈறுக்கு மேலே மிஞ்சியிருக்கிற சொந்தப் பல்லில் இருக்கிறது. கேப் சுற்றிப் பிடிக்க 2 மில்லிமீட்டர் உயரமாவது சுவர் வேண்டும். அது இல்லாத பல்லுக்கு நான் போஸ்ட் வைப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் இல்லை. அவருக்கு உள்பக்கம் தாராளமாக இருந்தது, உதட்டுப் பக்கம் தட்டுத் தடுமாறி 2 மில்லி.

எச்சில் இறங்கிய கட்டா பெர்ச்சா மேல் புதுப் போஸ்ட் வைக்க எனக்கு மனசில்லை. ரூட் கெனாலை முதலில் இருந்து திரும்பச் செய்தேன். அதற்கும் காசா என்று பேரம் பேசினார், பாதிக் கட்டணத்தில் முடிந்தது. போஸ்ட் வைத்துக் கோர் கட்டியாகிவிட்டது. பழைய கேப் புதுக் கோரில் உட்காராது என்பதை மட்டும் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அளவெடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு முன்னால் வந்துவிடுமா என்று கடையிலிருந்து தினமும் போன்.