வல்லநாட்டு வெளிமான்கள்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற நாற்கரச் சாலையில் தினமும் எத்தனையோ பேர் போகிறார்கள், ஆனால் வல்லநாட்டுப் பக்கம் தெரிகிற அந்த மலையில் வெளிமான் இருப்பது நிறைய பேருக்குத் தெரியாது. இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம் இதுதான். 1987-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், பரப்பு 16 சதுர கிலோமீட்டர் சொச்சம்.

"வெள்ளன வந்துருங்க அண்ணாச்சி, வெயில் ஏறிட்டுன்னா நிழல்ல போயி படுத்துக்கிடும்" என்று வாட்சர் முன்னமே சொல்லியிருந்தார். முதலில் கண்ணில் பட்டவை பெட்டைகள்தான், செம்மண்ணும் அவற்றின் உடம்பும் ஒரே நிறம் என்பதால் காதை ஆட்டும்வரை எனக்குத் தெரியவே இல்லை. அப்புறம் உடைமரத்துக்குப் பின்னாலிருந்து கிடா வந்தது. முதுகு கருப்பு, வயிறு பால்வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிக்கொண்டு மேலே போகிற கொம்பு. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மண்ணை மோந்துகொண்டே நடந்தது, அவ்வளவு அலட்சியம்!

வேட்டையில் அழிந்துகொண்டிருந்த இனம் இது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு நாட்டில் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் வல்லநாட்டுக் கூட்டம் தனித்தீவு மாதிரி, சுற்றி சாலையும் வயலும் ஊரும், வெளியிலிருந்து புது ரத்தம் வர வழியில்லை. வயலில் இறங்கினால் நாய் விரட்டும்.

கொஞ்சம் இருந்தால் பிழைக்காது என்றும் சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் கருப்பு ராபின் என்ற குருவி 1980-இல் மொத்தமே 5, அதில் குஞ்சு பொரித்தது ஒரே ஒரு பெட்டை. அதன் முட்டைகளை எடுத்து வேறு குருவியின் கூட்டில் வைத்தார்கள், நம்மூரில் வாத்து முட்டையைக் கோழிக்கு அடைவைப்பார்களே, அதே வேலைதான். முட்டை போனதும் அது மறுபடி இட்டது. இன்று இருக்கிற இருநூற்றுச் சொச்சமும் அந்த ஒரு பெட்டையின் வம்சம். ஆனால் எல்லாம் ஒரே வம்சம் என்பதால் ஒரு நோய் வந்தால் மொத்தமும் படுத்துவிடலாம், அதனால் எண்ணிக்கை கூடியதை வைத்து மட்டும் நான் சந்தோஷப்பட மாட்டேன். வல்லநாட்டில் தலையை எண்ணுவதோடு, என்றைக்காவது வேறு இடத்து மானைக் கொண்டுவந்து சேர்ப்பதையும் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போகிறவர்கள் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே புள்ளிமானும் உண்டு, அதைப் படம் எடுத்து வெளிமான் என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள்.