பொம்பா யார் கையில்?

பக்கத்து வீட்டில் குப்பைக்கு வைத்த தீ லாலான் புல்லில் பிடித்து லயன் வீடுகள் பக்கம் வந்துவிட்டது.

“நகராண்மைக் கழகத்துக்குப் போன் போடுய்யா!” என்று மாமா கத்தினார். நான் பொம்பாவுக்கு, அதாவது மலேசியத் தீயணைப்புப் படைக்கு, 999 அடித்தேன்.

தண்ணீர்க் குழாய்த் தூண்மேல் யாரோ கைலி காயப்போட்டிருந்தார்கள். பொம்பாக்காரர் அந்த அவசரத்திலும் அதை மடித்து வேலியில் வைத்துவிட்டுத்தான் ஹோஸை மாட்டினார்.

அப்புறம் மாமாவிடம் சொன்னேன்: பொம்பா 1976-இலிருந்தே கூட்டரசின் (மத்திய அரசின்) கையில், வீடமைப்பு ஊராட்சி அமைச்சின் கீழ். போலீஸ் உள்துறை அமைச்சின் கீழ். மேயர் போலீசுக்கு உத்தரவு போடுவதெல்லாம் வெள்ளைக்காரன் படத்தில்தான். நம்ம கழகத்துக்குக் குப்பை, சாக்கடை, கடை லைசென்ஸ்.

மாமா கருகிய புல்லையே பார்த்தார்.

“சரி, இதை வெட்டச் சொல்லி மூணு மாசமா யாருகிட்டய்யா கேட்டேன்?”