தமிழில் யுபிஎஸ்சி நேர்முகம்: கையைக் கட்டாமல் உட்காரப் பழகிய கதை

யுபிஎஸ்சி நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் (ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கானது) ஆளுமைத் தேர்வுக்கு, அதாவது நேர்முகத்துக்கு, 275 மதிப்பெண். முதன்மைத் தேர்வின் 1750-உடன் சேர்த்து மொத்தம் 2025-க்குத்தான் தரவரிசை. டெல்லி ஷாஜகான் சாலையில் இருக்கும் யுபிஎஸ்சி அலுவலகமான தோல்பூர் ஹவுஸுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன், இரண்டு முறையும் தமிழில்தான் பேசினேன். முதல் முறை பதில்களை ஓரளவு ஒழுங்காகவே சொன்னேன். உடம்புதான் சொதப்பியது.

பள்ளிக்கூடத்தில் நமக்கு மரியாதை என்று பழக்கியது என்ன? கையைக் கட்டு, தலையைக் குனி. தலைமையாசிரியரை நிமிர்ந்து பார்த்தால், "என்னடா முறைக்கிற?" என்பார்கள். பன்னிரண்டு வருஷம் அப்படி நின்ற உடம்போடு, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருந்த மேசை முன்னால் போய் உட்கார்ந்தேன். நாற்காலியின் நுனியில், கட்டிய கையோடு. அது பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே இருப்பவருக்கு, எப்போது எழுந்து ஓடலாம் என்று காத்திருப்பவனாகத் தெரிந்திருப்பேன்.

அடுத்த முறைக்குத் தயாரானபோது, மாதிரி நேர்முகம் ஒன்றை நண்பன் செல்போனில் பதிவு செய்தான். சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தோம். இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். பேச்சு காதில் விழுந்தால் பதில் சரியா தப்பா என்றுதான் மனசு போகும். சத்தம் இல்லாதபோதுதான் என் கட்டைவிரல் மோதிரத்தை ஓயாமல் சுற்றுவது தெரிந்தது.

அதைவிடப் பெரிய கோளாறு கண்ணில் இருந்தது. தமிழில் பேசுகிறவர்களுக்கு அறையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கேள்வியை அவர் தமிழில் சொல்வதால், பதிலையும் அறியாமலே அவரைப் பார்த்துச் சொல்லிவிடுவோம். நான் முழு நேரமும் அப்படித்தான் செய்திருக்கிறேன். கேட்டவர் உறுப்பினர், அவரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாக்கியத்தில் நிறுத்தி, மொழிபெயர்க்க இடம் விட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பேசும் அந்த அரை நிமிடம்தான் ஆபத்தானது. 'நான் சொன்னதைச் சரியாகச் சொல்கிறாரா' என்ற பதற்றம் முகத்தில் அப்படியே தெரியும். அப்போதும் கேள்வி கேட்டவர் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டால் போதும். உண்மையிலேயே பொருள் மாறிவிட்டால், முடிந்த பிறகு "ஒரு சிறு திருத்தம்" என்று சொல்லலாம், தப்பில்லை.

பயிற்சி வகுப்புகளில் 'வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கும் முகத்துக்கும் 93 சதவீதம்' என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிய்த்தெடுத்தது அது. ஒருவர் நம்மை விரும்புகிறாரா, வெறுக்கிறாரா என்பதை எதை வைத்துக் கணிக்கிறோம் என்று பார்த்த ஆய்வுக்கும், நிதிக்குழு பற்றிய கேள்விக்கும் என்ன சம்பந்தம்? இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் நின்றால் தைரியம் வரும் என்பதும் அப்படித்தான். அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே, அதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று 2016-இல் சொல்லிவிட்டார். நானும் விடுதிக் குளியலறையில் நின்று பார்த்தவன்தான். வெளியே வரிசையில் நின்றவர் கதவைத் தட்டியதுதான் மிச்சம்.

எனக்கு உதவியது வேறு. நான் டெல்டாக்காரன். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறக்கும் வழக்கத்தைப் பற்றி முதல் நேர்முகத்தில் கேட்டார்கள். குறுவை நாற்றங்காலிலிருந்து சொல்லத் தொடங்கியதும் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்துவிட்டது. தெரிந்த விஷயத்தில் உடம்புக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெரியாத கேள்வியில்தான் தலையைச் சொறிவது, நாக்கைக் கடிப்பது, அசட்டுச் சிரிப்பு எல்லாம் வரும். அதனால் பயிற்சியை அங்கே வைத்தோம். தினம் சாயங்காலம் நண்பன் எனக்குத் தெரியவே வாய்ப்பில்லாத இருபது கேள்விகள் கேட்பான். ஒவ்வொன்றுக்கும் அவன் முகத்தைப் பார்த்து, "தெரியவில்லை ஐயா" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் வாரம் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அந்தச் சொல், பெயரைச் சொல்வது மாதிரி வந்தது.

அப்புறம் குளிர். ஜனவரி, பிப்ரவரியில் தேதி விழுந்தால், டெல்லிக் குளிரில் தோள் தானாகக் குறுகும், பார்ப்பவருக்கு அது பயமாகத் தெரியும். கோட்டுக்குள் ஒரு உள் பனியன் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டும் ஷூவும் இரவல் என்றால் ஊரிலேயே நான்கு நாள் போட்டு நடந்து, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். வியர்க்கும், பரவாயில்லை. முதல் முறை நான் மாமாவின் கோட்டைப் போட்டுப் போனேன். உட்காரும்போது பொத்தானை அவிழ்க்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல், அரை மணி நேரம் வயிற்றை எக்கிக்கொண்டே இந்தியப் பொருளாதாரம் பேசினேன்.