மியானோசாகா ஸ்டேஷன் பக்கம்

டிசம்பர் 3, 2024
டோக்கியோவின் சேதாகயா வார்டுக்கு வீடு மாறியாச்சு. இனி நம்ம ஸ்டேஷன் மியானோசாகா. ஸ்டேஷன் என்று சொல்வதே கொஞ்சம் பெரிய பேச்சு. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் சின்னப் பிளாட்பாரம், மேலே கூரை, அவ்வளவுதான். டிக்கெட் கேட் கிடையாது. வருவது இரண்டு பெட்டி ரயில். முன்பெட்டியின் முதல் கதவிலோ பின்பெட்டியின் கடைசிக் கதவிலோ ஏறி கார்டை வைத்தால் 160 யென். எங்கே இறங்கினாலும் அதே காசு. நடுக்கதவு வழியாக இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த சேதாகயா லைன் சங்கென்ஜாயாவிலிருந்து ஷிமோதகாய்தோ வரை மொத்தமே 5 கிலோமீட்டர், 10 ஸ்டேஷன்.

டிசம்பர் 15, ஞாயிறு
போரோஇச்சி சந்தை. அடுத்த ஸ்டேஷன் காமிமாச்சியில் இறங்கினால் போதும், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். 1578இல் இந்தப் பக்கத்தை ஆண்ட பிரபு ஹோஜோ உஜிமாசா அனுமதி கொடுத்துத் தொடங்கிய சந்தையாம். டிசம்பரிலும் ஜனவரியிலும் 15, 16 தேதிகள். என்ன கிழமையானாலும் மாறாது. பழைய கிமோனோ, பீங்கான் கிண்ணம், துருப்பிடித்த உளி எல்லாம் தெருவில் பரப்பிக் கிடக்கின்றன. தாய்கான் மோச்சி என்ற அரிசிப் பலகாரம் வாங்க நின்ற வரிசையைப் பார்த்ததுமே ஆசை போய்விட்டது. திரும்பும்போது ரயிலில் கால் வைக்க இடமில்லை. ஒருவர் மடியில் சுவர்க்கடிகாரம்.

ஜனவரி 11, 2025
பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு பழைய பச்சைப் பெட்டி நிற்கிறதே, இன்று உள்ளே போய் உட்கார்ந்தேன். 1925 முதல் 1969 வரை ஷிபுயாவுக்கும் ஃபுதாகோதமாகாவாவுக்கும் இடையே 'தமாதென்' டிராமாக ஓடியது. பிறகு காமாகுரா பக்கம் எனோடென் லைனுக்குப் போய், 1990 வரை அங்கே உழைத்து, இங்கே வந்து ஓய்வெடுக்கிறது. எதிர் இருக்கையில் ஒரு பாட்டி கத்தரிக்காய்ப் பையோடு தூங்கிக்கொண்டிருந்தார். காட்சிப்பொருள் என்று கயிறு கட்டி வைக்காததே பெரிய விஷயம்.

பிப்ரவரி 8
தமாதென் போனது, நம்ம லைன் பிழைத்தது. ஏன் என்று நம்ம லைனில் இருக்கும் வகபயாஷி ஸ்டேஷன் பக்கம் அரைமணி நேரம் நின்றபோது விளங்கியது. தமாதென் பெரிய சாலையின் நடுவே கார்களோடு சேர்ந்து ஓடியது. கார்கள் பெருகின, தலைக்கு மேலே விரைவுச்சாலை வந்தது, டிராம் இடைஞ்சலாகிவிட்டது. 1969 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். 1977இல் அந்த வழியிலேயே சுரங்க ரயில் வந்தது. நம்முடையது அதன் கிளை லைன். வீடுகளின் கொல்லைப்புறமாக, தனக்கென்று தனிப்பாதையில் போனதால் யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை.

அதற்கும் ஒரே ஓர் இடத்தில் சாலையின் தயவு வேண்டும், அது இந்த வகபயாஷிதான். கன்னானா என்ற அகன்ற வட்டச்சாலையைக் கடக்கும் இடம். இங்கே லெவல் கிராசிங் கட்டை இல்லை. சிவப்பு விழுந்தால் லாரிகளைப் போலவே ரயிலும் நிற்கிறது. ரயிலுக்காக ஊர் நிற்பதைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்களுக்குத்தான் அவசரம்.

மார்ச் 22
கோதோகுஜி கோயில், ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். வலது கை தூக்கி அதிர்ஷ்டத்தை அழைக்கும் வெள்ளைப் பூனை பொம்மைகள் அடுக்கடுக்காக. கையில் காசு ஏந்தாத பூனைகள். வாய்ப்பைத்தான் கொடுக்கும், மற்றது உன் பாடு என்கிறார்களாம். எல்லாரும் பூனையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பின்னால் இயி என்ற பிரபுக் குடும்பத்துக் கல்லறைகள் இருக்கின்றன. 1860இல் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) கோட்டை வாசலில் வெட்டிக் கொல்லப்பட்ட, ஷோகுன் அரசின் தலைமை அமைச்சர் இயி நாவோசுகேவும் அங்கேதான். அந்தப் பக்கம் ஆளே இல்லை.

திரும்பும்போது பூனை ரயில் கிடைத்தது. கைப்பிடிகூடப் பூனை வடிவம், தரையில் பாதச்சுவடு. எனக்குக் கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது. ஒரு குழந்தை சுவட்டின்மேல் மட்டும் கால் வைத்து நடந்து அம்மாவிடம் திட்டு வாங்கியது.

மே 1
நம்ம லைனில் சேதாகயா ஸ்டேஷனிலிருந்து ஷிமோதகாய்தோ வரையான பகுதி திறந்து இன்றோடு 100 ஆண்டு. 2019 மார்ச்சிலிருந்து முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஓடுகிறது. நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும். காலை நெரிசலில் இதையெல்லாம் யார் நினைக்கப் போகிறார்கள்? ரயில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் என்பதால், இன்று என்ன நிறம் வரும் என்று பக்கத்து வீட்டுப் பையனோடு எனக்குத் தினமும் பந்தயம். இன்றும் அவன்தான் ஜெயித்தான்.